பன்னிரண்டு வயதில் காணாமற்போகும் பிள்ளைகள்



இவ்வாரத் தியானப் பகுதி: லூக்கா 2:41–52

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின்பு, நம் சபைத் தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, என் மகன் முன்போல இல்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். இரவு ஒரு மணி வரை தூங்குவதில்லை. காலையில் எழுப்பினால் எழுவதில்லை. என்ன ஆவி பிடித்ததோ தெரியவில்லை. நீங்கள் உபவாசமிருந்து ஜெபிக்க வேண்டும்" என்று கண்ணீரோடு சொன்னார். நான் அவரோடு முழங்காலிட்டு ஜெபித்தேன். எழுந்த பின்பு, "அம்மா, தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம் ஐயா, ஆறு மாதமாகிறது" என்றார். பையனுக்கு வயது பதினான்கு.

அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு வீட்டாரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தவறினேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அதற்குமுன், பருவமடையும் பிள்ளையின் உடலில் மட்டுமல்ல, அதன் தலைக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. நம்மைப் படைத்தவருடைய கைவேலை அது. அதை அறிவது விசுவாசத்துக்கு விரோதமானதன்று.

உடலுக்குப் பந்தல் போட்டோம்

நம் அம்மையார்குப்பத்தில் ஒரு பெண்பிள்ளை பூப்பெய்தினால் தெருவுக்கே தெரியும். மாமன் சீர் வருகிறது, பந்தல் போடுகிறோம், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறோம். கிறிஸ்தவ வீடுகளில் அழைப்பிதழின் தலைப்பில் ஒரு வசனம் இருக்கும். போதகர் வந்து ஜெபிப்பார். நானும் பல வீடுகளில் ஜெபித்திருக்கிறேன். உறவினர் கூடி மகிழ்வதை நான் குறை கூறவில்லை. ஆனால் மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று வாழ்நாளில் வேறெப்போதையும் விட அதிகமாகக் கூசும் வயதில், அப்பிள்ளையின் படத்தைப் பிளக்ஸ் பலகையில் பெரிதாக்கிச் சாலையோரம் நிறுத்துகிறோம். வேண்டுமா என்று அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை. விழா முடிந்து பந்தலைப் பிரித்த பின்பு, "உன் மனம் எப்படி இருக்கிறது?" என்றும் ஒருவரும் கேட்பதில்லை.

ஆண்பிள்ளைக்கோ அதுவும் இல்லை. ஒருநாள் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. "பெரிய ஆள் ஆகிவிட்டாயா?" என்று நான்கு பேர் கேலி செய்வதோடு அவனுக்குரிய சடங்கு முடிந்துவிடுகிறது.

தலைக்குள் நடப்பது

பருவமடைதல் மூளையில்தான் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, அதன் கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை அனுப்ப, அது சினைப்பைக்கும் விதைப்பைக்கும் செய்தி சொல்லுகிறது. அங்கிருந்து ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் முதலான ஹார்மோன்கள் பெருகுகின்றன. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் இது தொடங்கும். இந்த ஹார்மோன்கள் உடலை மாற்றுவதோடு நிற்பதில்லை. இரத்தத்தின் வழியாக மூளைக்கே திரும்பிச் சென்று அதையும் மாற்றுகின்றன.

1999ஆம் ஆண்டு, அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் ஆண்டுகள் இடைவிட்டுப் படம் எடுத்து, ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையின் முன்பகுதியிலுள்ள சாம்பல்நிறப் பொருள் பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 11 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 12 வயதிலும் உச்சத்தை அடைந்து, அதன்பின் குறையத் தொடங்குவதை அவர்கள் கண்டார்கள். குறைவது கெடுதல் என்று எண்ண வேண்டாம். பயன்படாத நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன, பயன்படுபவை உறுதிப்படுகின்றன. நல்ல தோட்டக்காரர் கனி கொடுக்கும் கொடியையும் கழித்துச் சுத்தம் செய்வார் என்று யோவான் 15ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கவில்லையா? அதே காலத்தில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை படர்ந்து, செய்தி விரைந்து செல்ல வழி செய்கிறது.

ஆனால் இந்த வேலை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. பயம், கோபம், ஆசை, இன்பம் ஆகியவற்றோடு தொடர்புடைய உட்பகுதிகள் பருவமடையும்போதே விழித்துக்கொள்ளுகின்றன. நின்று யோசித்தல், விளைவை எண்ணிப்பார்த்தல், தன்னை அடக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்குரிய முன்மூளையோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு முதிர்ச்சி அடைகிறது. தறியோட்டும் நம் ஊரார்க்கு இது எளிதில் விளங்கும். பாவு ஏற்றியாயிற்று, மோட்டாரும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் நிறுத்தும் கைப்பிடி இன்னும் சரியாகப் பொருத்தப்படவில்லை. அப்படிப்பட்ட தறியின் அருகில் அனுபவமுள்ள ஒருவர் நிற்க வேண்டும். தறியை அடிப்பதால் பயனில்லை.

நண்பர்களைக் கண்டால் பிள்ளைகள் வேறு ஆளாகிவிடுவது ஏன் என்று கேட்கிறீர்கள். 2005ஆம் ஆண்டு மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பலரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது வளரிளம் பருவத்தினர் தனியாக விளையாடியதைவிட அதிக ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, தனியாக இருக்கையில் வாகனத்தை ஒழுங்காக ஓட்டும் பிள்ளை, பின்னால் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு சோளிங்கர் சாலையில் பறப்பதைக் கண்டு, வீட்டில் நல்லவன் போல் நடிக்கிறான் என்று முடிவு கட்டிவிடாதிருங்கள்.

உறக்கமும் அப்படியே. மெலட்டோனின் என்னும் உறக்க ஹார்மோன் இவ்வயதில் முன்னிரவு கழிந்தே சுரக்கத் தொடங்குகிறது. எனவே சீக்கிரம் தூக்கம் வருவதில்லை. ஆனால் தேவைப்படுவதோ எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம். நாம் ஐந்து மணிக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்புகிறோம். கைப்பேசி மீதமுள்ள தூக்கத்தையும் தின்றுவிடுகிறது. தூக்கம் குறையும்போது சினமும் சோர்வும் பெருகுகின்றன. அந்தத் தாயார் சொன்ன அடையாளங்களில் பாதிக்குக் காரணம் இதுவே.

எருசலேமில் காணாமற்போன பிள்ளை

ஆண்டவராகிய இயேசுவின் இளமையைப் பற்றி வேதம் நமக்குத் தரும் சம்பவம் ஒன்றே ஒன்று. அப்பொழுது அவருக்குப் பன்னிரண்டு வயது. பெற்றோர் ஒரு நாள் பயணம் போன பின்புதான் மகன் கூட்டத்தில் இல்லை என்று அறிகிறார்கள். மூன்று நாளுக்குப் பின்பு தேவாலயத்தில் காண்கிறார்கள். மரியாள் கடிந்துகொள்ளுகிறாள், அவருடைய மறுமொழியோ அவர்களுக்கு விளங்கவில்லை.

இங்கே மரியாள் செய்ததைக் கவனியுங்கள். அவள் முதலில் "ஏன்?" என்று கேட்டாள். தானும் யோசேப்பும் பட்ட வேதனையை மறைக்காமல் சொன்னாள். பதில் விளங்காதபோதும், அதைத் தூக்கி எறியாமல் மனத்தில் வைத்துச் சிந்தித்தாள். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்கு அடங்கி நடந்தார். பிள்ளை பெற்றோரை விட்டுச் சற்று விலகித் தன் வழியைத் தேடுவதெல்லாம் கலகமாகிவிடாது. அந்த அதிகாரத்தின் கடைசி வசனம், அறிவிலும் உடலிலும் தேவனோடும் மனிதரோடும் உள்ள உறவிலும் அவர் வளர்ந்ததாகக் கூறுகிறது. தேவகுமாரனே படிப்படியாக வளர்ந்தார் என்றால், நம் பிள்ளைகள் ஒரே நாளில் முதிர்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

நான் தவறிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் சபையில் பதினேழு வயது வாலிபன் ஒருவன் இருந்தான். பாடகர் குழுவில் நன்றாகப் பாடுவான். சிறிது சிறிதாகப் பாடுவதை நிறுத்தினான், சாப்பாடு குறைந்தது, யாரோடும் பேசுவதில்லை. அவனுடைய தந்தை என்னிடம் வந்து சொன்னபோது, "ஜெப வாழ்க்கை குறைந்துவிட்டது, அதனால்தான்" என்றேன். திடப்படுத்தல் வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்பாக அவனைக் கடிந்தும் பேசினேன். சில வாரங்களில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். தேவனுடைய கிருபையாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் பிழைத்தான். மருத்துவமனையில் நான் அவன் கட்டிலருகே நின்றபோது, "ஐயா, நான் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னான்.

இறையியல் கல்லூரியில் படித்த எந்தப் பாடமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு விடையளிக்க எனக்கு உதவவில்லை. இன்று அவன் முறையான சிகிச்சை பெற்று, வேறோர் ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். பெயர் சொல்லாமல் எழுத எனக்கு அனுமதியும் தந்திருக்கிறான். நான் எழுதுவது அவனுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை அதன்பின் பலமுறை வாசித்தேன். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தான் சாக வேண்டும் என்று கேட்டான். விசுவாசம் இல்லாதவன் அல்ல அவன். வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவன். அவனிடம் கர்த்தர் ஒரு தூதனை அனுப்பினார். அந்தத் தூதன் அவனைத் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். அவன் மறுபடியும் உறங்கினான். மறுபடியும் உணவு கிடைத்தது. பேச்சு அதற்குப் பின்புதான். நானோ முதலில் பிரசங்கித்தேன்.

இது நம் வாசலிலுள்ள காரியம்

10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2015–16இல் நம் நாட்டில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினர் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. பருவமடைந்த பின்பு மனச்சோர்வு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. மற்றவர்களைவிட முந்திப் பூப்பெய்தும் சிறுமியருக்கு ஆபத்து இன்னும் அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவ்வாண்டு ஜூலை மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவரை நாம் இழந்தோம்.

எல்லைக்கு அப்பால் ஆந்திராவிலும் இதே துக்கம். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நீதிமன்றம் விழித்துக்கொண்டது. சபை எப்போது விழிக்கும்?

ஓர் எதிர்க்கேள்வி

"அப்படியானால், மூளை வளரவில்லை என்று சொல்லிப் பிள்ளைகள் செய்யும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா, ஐயா?" என்று மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாவம் பாவமே. பொய்யும் போதையும் பிறரைத் துன்புறுத்துவதும் வயதைச் சொல்லி நியாயப்படுத்தக் கூடியவை அல்ல. முன்மூளை முதிராத பிள்ளைக்கு எல்லைகள் மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஆனால் எல்லை வைப்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் பிதாக்களை எச்சரிக்கிறார்: பிள்ளைகள் மனமடிந்துபோகும்படி அவர்களை நடத்தக் கூடாது என்பது அங்கே கட்டளை. ஆலோசனையாக அவர் அதைச் சொல்லவில்லை.

இவ்வயதில் சொல்லப்படும் சொல் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு நம் திருத்தணியே சாட்சி. 1888இல் அங்கே பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். தன் மதத்தைப் பற்றி மிஷனரிகள் கூறிய குறைகள் தன் இளமனத்தைக் கலக்கியதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அக்கலக்கம் அவரைத் தத்துவ ஆராய்ச்சிக்குள் நடத்தியது. அவர் அதைத் தாங்கி உயர்ந்தார். தாங்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் நாம், கற்பிக்கும் நாவைப் பற்றியும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். போதகர்களாகிய நாங்கள் முதலாவது சிந்திக்க வேண்டும்.

சபையின் முன் நான் வைப்பது

முதலாவது, திடப்படுத்தல் வகுப்பு. நம் பிள்ளைகள் பருவமடையும் ஆண்டுகளில்தான் இவ்வகுப்புக்கு வருகிறார்கள். பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடம் செய்விக்கிறோம். இவ்வாண்டு முதல் இரண்டு வாரங்கள் உடல், மனம், பருவ மாற்றம் பற்றிய பாடத்துக்கு ஒதுக்கப்படும். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக மருத்துவரோ செவிலியரோ வந்து பேசுவார்கள். பெற்றோருக்கும் ஒரு கூடுகை உண்டு.

இரண்டாவது, மதிப்பெண். 2017இல் நம் மாநில அரசே பொதுத் தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நாமோ தேர்வு முடிவு வந்த ஞாயிறன்று அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பீடத்தின் முன் அழைத்துப் பரிசளிக்கிறோம். கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இனி தேர்வெழுதிய எல்லாப் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே ஜெபிப்போம்.

மூன்றாவது, மருத்துவம். ஜெபமா, மருத்துவரா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி கர்த்தர் நம்மைக் கேட்கவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கிறோம் அல்லவா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நம் முன்னோர் விசுவாசத்தால் எழும்பியது. பாகாயத்திலுள்ள அதன் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் வழக்கம் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் உதவி கிடைக்கும். அங்கே போவது அவிசுவாசம் அன்று.

நான்காவது, வீடு. இரவு பத்து மணிக்கு எல்லாருடைய கைப்பேசியும் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். அப்பாவுடையதும் அதில் சேரும். தினமும் கால்மணி நேரம், படிப்பைப் பற்றியல்லாத ஒரு பேச்சு இருக்கட்டும். தறிச் சத்தத்தின் நடுவே இது கடினம் என்று அறிவேன். ஆயினும் தறி நிற்கும் நேரம் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு.

எரிச்சல், தனிமை விருப்பம், நண்பர் மீது நாட்டம் இவையெல்லாம் வயதின் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்குமேல் நீங்காத சோகம், விரும்பியவற்றில் எல்லாம் ஆர்வம் அற்றுப்போதல், உணவிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம், தன்னைத்தானே காயப்படுத்துதல், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு, தனக்குப் பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திராதிருங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது. சுமந்துகொண்டிருப்பவருக்குச் சொல்ல ஒரு வாசல் திறக்கும். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. போதகர் வீட்டுக் கதவையும் எந்நேரத்திலும் தட்டலாம்.

இதை வாசிக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்களுக்குள் எழும் புயல் நீங்கள் கெட்டவர்கள் என்பதற்கு அடையாளம் அன்று. கட்டடம் கட்டி முடியவில்லை. கட்டுகிறவர் வேலையை விட்டுப் போய்விடவுமில்லை. ஜெபித்தும் பாரம் குறையவில்லை என்றால், உங்கள் ஜெபம் குறைவுள்ளது என்று நினைக்க வேண்டாம். யாரிடமாவது சொல்லுங்கள். இம்முறை நான் பிரசங்கிக்காமல் கேட்பேன்.

ஜெபம்: பன்னிரண்டு வயதில் தேடப்பட்ட ஆண்டவரே, எங்கள் வீடுகளில் இருந்துகொண்டே காணாமற்போன பிள்ளைகளைத் தேட எங்களுக்குப் பொறுமை தாரும். கடிந்துகொள்ளுமுன் கேட்கிற செவியையும், விளங்காதபோதும் மனத்தில் வைத்துச் சிந்திக்கிற மரியாளின் இருதயத்தையும் தாரும். எங்கள் வார்த்தையால் காயப்பட்டவர்களை உமது கரத்தால் குணமாக்கும். ஆமென்.